நான் அழுதால் டி.வி. வசனம் பேசுகிறார்கள்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 39. குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கும் செக்‌ஷனில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். கணவர் சொந்தமாக டாடா ஏஸ் வைத்து, வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறார். குடிப்பழக்கம் இல்லை. என் மேல் கை வைத்ததும் இல்லை. மகன் ஒன்பதாவது, மகள் ஆறாவது படிக்கிறார்கள். மாமியார் எங்களோடு இருக்கிறார். பகல் முழுக்க வீட்டில் டி.வி. ஓடும்.

நான் எதைச் சொன்னாலும் கணவர் “என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா” என்பார். மகனும் சேர்ந்துகொள்வான். அவனைப் படி என்றால் “ஷட் அப் பண்ணுங்க” என்கிறான். நான் யார் பக்கமும் பேசாமல் இருந்தால் “அம்மா சேஃப் கேம் ஆடுது.” செலவுக் கணக்கு கேட்டால் “குறும்படம் போடுங்க.” ஆரம்பத்தில் நானும் சேர்ந்து சிரித்தவள்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் கம்பெனியில் சூப்பர்வைசர் லைனில் எல்லோர் எதிரிலும் என்னை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சொல்ல வாயெடுக்கும்போதே அழுகை வந்துவிட்டது. பாதி சொல்வதற்குள் கணவர் அதே ‘என்னம்மா’ வரியை அதே ராகத்தில் இழுத்தார். மாமியார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தேன். அன்றிலிருந்து நான் வீட்டில் எதுவும் சொல்வதில்லை. என் கணவர் ஒரு டாக்ஸிக் நார்சிசிஸ்ட், என்னை கேஸ்லைட்டிங் பண்ணுகிறார் என்று யூடியூப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கேபிளை வெட்டிவிடலாமா? அல்லது நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: சகோதரி, நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சூப்பர்வைசர் சொன்ன அந்த வார்த்தை என்ன என்று எனக்கும் நீங்கள் எழுதவில்லை. வீட்டில் சொல்ல முடியாமல் போன செய்தி இப்போது வெளியிலும் சொல்ல முடியாத செய்தியாகிவிட்டது. என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். கடைசியில் இதற்கு வருகிறேன்.

“என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா” என்ற அந்த வரி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். உங்கள் மாமியாருக்கு நினைவிருக்கும். ஸீ தமிழில் ‘சொல்வதெல்லாம் உண்மை’ என்ற நிகழ்ச்சி வந்தது. குடும்பத் தகராறுகளை ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து, இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைப்பார்கள். நடுவில் லட்சுமி ராமகிருஷ்ணன் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு பெண்ணோ ஆணோ அழுதுகொண்டோ மழுப்பிக்கொண்டோ இருக்கும்போது, மனம் பொறுக்காமல் அவர் சொன்ன வரி அது. அதை வேறொரு சேனலின் நகைச்சுவை நிகழ்ச்சி எடுத்துக்கொண்டது. மேடையில் ஒருவர் பெண் வேடத்தில் அதே ராகத்தில் இழுத்தார். தமிழ்நாடே சிரித்தது. அப்புறம் அது சினிமாப் பாட்டு, மீம், வாட்ஸ்ஆப் ஸ்டிக்கர் என்று போய்க்கொண்டே இருந்தது. இப்படி ஒவ்வொரு படி இறங்கும்போதும் எதிரே உட்கார்ந்திருந்தவரின் கண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்தது. கடைசியில் ராகம் மட்டும் மிஞ்சியது. உங்கள் மகன் அந்த ராகத்தைத்தான் கேட்டு வளர்ந்தான். அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது என்பது அவனுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

ஆனால் அந்த வரியில் ஒன்று மட்டும் மாறாமல் இருக்கிறது. அது நடுவில் உட்கார்ந்திருப்பவர் பேசுகிற வரி. உங்கள் கணவர் அதைச் சொன்ன நொடியில், அவருக்கே தெரியாமல், தொகுப்பாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளும் மாமியாரும் பார்வையாளர்கள் ஆகிவிட்டார்கள். மிச்சம் இருந்த ஒரே நாற்காலி உங்களுக்கு. வேலையிடத்தில் அவமானப்பட்டு வந்த ஒரு பெண்ணை அவள் வீட்டுக் கூடத்திலேயே விசாரணையில் உட்காரவைத்தது போல ஆகிவிட்டது. நீங்கள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மற்ற வரிகளையும் இப்படிப் பார்த்தால் ஒரே குடும்பம்தான், எல்லாம் பிக் பாஸ் பேச்சு. பிக் பாஸ் தமிழில் 2017 ஜூனில் தொடங்கியது. மூலநிகழ்ச்சி 1999-இல் நெதர்லாந்தில் பிறந்தது. ஒரு வீட்டுக்குள் ஆட்களை அடைத்து, சுற்றிலும் கேமரா வைத்து, வாரம் ஒருவரை வெளியேற்றுவது அதன் அடிப்படை. முதல் ஏழு சீசன்களில் வார இறுதியில் கமல்ஹாசன் வந்து, ஒருவர் சொன்னது பொய் என்று காட்ட ‘குறும்படம்’ போட்டார். நல்ல கலைக்கு வைத்த பெயர், ஒருவரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்குப் பெயராகிவிட்டது. ‘சேஃப் கேம்’ என்றால் சண்டையில் தலையிடாமல் தப்பிக்கிறவர் என்று குற்றச்சாட்டு. ‘ஷட் அப் பண்ணுங்க’ முதல் சீசனில் ஓவியா சொன்னது. அந்த வீட்டில் எல்லோரும் ஒருத்தியைச் சுற்றி நின்று பேசியபோது அது அவருக்கு ஒரு தற்காப்பு. அதனால்தான் மக்களுக்கும் பிடித்தது. அதையே 14 வயதுப் பையன் “படிடா” என்ற அம்மாவிடம் சொன்னால் அது தற்காப்பு ஆகுமா?

இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டில் நாள் முழுக்க நடப்பதை ஒரு மணி நேரமாக வெட்டித்தான் டி.வி.யில் காட்டுகிறார்கள். அதிலும் காரமான ஒரு வரியை எடுத்து, பின்னணியில் டமால் என்று ஒரு சத்தம் சேர்த்து, காலையிலிருந்து புரோமோவில் ஓட்டுவார்கள். மதியம் மாமியார் பார்க்கும்போது ஓடும், சாயங்காலம் பிள்ளைகள் வந்ததும் ஓடும். அந்த வரிக்கு முன்னால் என்ன பேசினார்கள், அப்புறம் யார் யாரைச் சமாதானப்படுத்தினார்கள் என்பதெல்லாம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். நம் பிள்ளைகள் சண்டையின் உச்சியை மட்டும் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். சண்டை எப்படி முடிந்தது என்பதை அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே ரியாலிட்டி ஷோவில் வருகிறவர்கள் “நான் இங்கே நட்புக்காக வரவில்லை” என்று சொல்லிச் சொல்லி, அந்த வரி தேய்ந்தே போய்விட்டது. நம் ஊரில் அதே மாதிரி “நான் கேம் ஆட வந்திருக்கேன்” என்கிறார்கள்.

இதற்காக டி.வி.யையே கெட்ட பொருளாக நான் நினைப்பதில்லை. நம் வட ஆற்காட்டுப் பக்கத்தில் பாரதக் கூத்து நடக்கிற ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ராத்திரி சொன்ன பேச்சை மறுநாள் காலையிலிருந்து பையன்கள் தெருத்தெருவாகச் சொல்லித் திரிவார்கள். நானும் என் அண்ணன்களும் சொன்னோம். என் அப்பா சாப்பிட உட்கார்ந்தால் கட்டியக்காரன் ராஜா வருகையைச் சொல்வது போலச் சொல்லுவோம், அவரும் சிரிப்பார். மனிதர்கள் கேட்டதைத் திரும்பச் சொல்லித்தான் பேசப் பழகுகிறார்கள். ஆனால் கூத்தின் முடிவில் வரும் துரியோதனன் படுகளம் முடிந்தால் அந்தப் பேச்சும் கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடும். அடுத்த வருஷம்தான் மறுபடி. அதோடு, வீட்டில் யாராவது அழுதால் அந்த விளையாட்டு அங்கேயே நின்றுவிடும். நிறுத்துங்கடா என்று சொல்ல ஒரு பாட்டி இருந்தார்.

இப்போது உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். டாக்ஸிக், நார்சிசிஸ்ட், கேஸ்லைட்டிங் என்று மூன்று வார்த்தைகள் எழுதியிருக்கிறீர்கள். இவையும் அதே திரையிலிருந்து வந்தவைதான். டாக் ஷோக்களில் நிபுணர்கள் வந்து பேசிப் பேசி, எங்கள் மனநல ஆலோசனைத் தொழிலின் வார்த்தைகள் வீட்டுக்கு வந்துவிட்டன. அதில் நன்மையும் உண்டு, பலருக்குத் தங்கள் வலிக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் பெயர் தப்பாகப் பொருந்தினால் வைத்தியமும் தப்பாகிவிடும்.

கேஸ்லைட்டிங் என்பது 1938-இல் இங்கிலாந்தில் அரங்கேறிய ஒரு நாடகத்திலிருந்து வந்த சொல். அதில் ஒரு கணவன் திட்டம் போட்டு மனைவியைப் பைத்தியம் என்று நம்பவைக்கப் பார்ப்பான். வீட்டில் கேஸ் விளக்கு மங்குவதை அவள் தன் கண்ணால் பார்ப்பாள். அவள் பார்ப்பதையும் கேட்பதையும் அவளே நம்பாதபடி அவன் செய்துகொண்டே இருப்பான். வேண்டுமென்றே, நாள்கணக்கில், ஒருத்தியின் புத்தியை அவளையே சந்தேகிக்கவைப்பதற்குப் பெயர் அது. நார்சிசிஸ்ட், அதாவது தன்னைத் தவிர யாரையும் நினைக்காதவர் என்பதை மனநல மருத்துவர் பல முறை பார்த்துப் பேசித்தான் முடிவு செய்வார். நீங்கள் எழுதியதில் எனக்குத் தெரிவது இதுதான்: லோடு அடித்துவிட்டு வந்து, மனைவியின் அழுகையைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் கைக்கு எட்டிய வரியை எடுத்து வீசிய ஒரு மனிதர். அது தப்புதான். அவர் அதற்கு வருத்தப்பட வேண்டும். ஆனால் ‘நார்சிசிஸ்ட்’ என்று நீங்கள் முடிவுகட்டினால், அவர் உங்களிடம் செய்ததையே நீங்களும் அவரிடம் செய்கிறீர்கள். அவரும் ஒரு வார்த்தையில் முடிந்துபோவார்.

அழுகையைக் கண்டால் திணறுகிற ஆண்களை என் அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளையும். போன வருடம் மே மாதம் ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள், 15 வயது. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான், எது கேட்டாலும் டி.வி. பேச்சுதான் என்றார் அப்பா. ஏன் போகவில்லை என்று கேட்டேன். “நெக்ஸ்ட் டாஸ்க் என்ன மேடம்?” என்றான். அப்பா கை ஓங்கிவிட்டார். அவரை உட்காரச் சொன்னேன்.

“சரி, இதே பதிலை டி.வி.யில வராத வார்த்தையில சொல்லு. அவசரமில்ல” என்றேன்.

அவன் பேசவில்லை. என் மேசை ஓரத்தில் மைக்கா கொஞ்சம் பெயர்ந்திருக்கும். அதை நகத்தால் தூக்குவதும் அழுத்துவதுமாக இருந்தான். ஃபேன் சத்தம் மட்டும். அப்பா இரண்டு தடவை வாய் திறந்தார், வேண்டாம் என்று கை காட்டினேன். நான்கு நிமிடம் இருக்கும். அப்புறம் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “கணக்கு சார் போர்டுக்குக் கூப்புடுவாரு. எனக்குப் போட வராது. பின்னாடி சிரிப்பானுங்க. பயமாகீது.”

அப்பா அதற்கு முன் அந்தச் செய்தியைக் கேட்டதே இல்லை. “எங்கிட்ட சொல்லவே இல்லியேடா” என்றார். பையன் சொன்னதை நான் மறக்கவில்லை: “சொன்னா நீயும் சிரிப்ப.”

உங்கள் மகனிடம் இதைச் செய்து பாருங்கள். எல்லா வசனத்துக்கும் தடை போடாதீர்கள். நண்பர்களிடம் பேச அது அவனுக்கு வேண்டும், அந்த வயதில் அது ஒரு நுழைவுச் சீட்டு மாதிரி. இரண்டு பேரும் சிரிக்கிற நேரத்தில் அவன் சொன்னால் நீங்களும் சிரியுங்கள். உங்களுக்குச் சிரிப்பு வராத நேரத்தில் சொன்னால், குரல் உயர்த்தாமல் “அதையே உன் வார்த்தையில சொல்லு, கேக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் கஷ்டம். இடையில் நீங்களே பதிலை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கேபிளை வெட்ட வேண்டாம். உங்கள் மாமியார் பகலெல்லாம் தனியாக இருக்கிறார், அந்தச் சத்தம் அவருக்குத் துணை. அதைப் பிடுங்கினால் வீட்டில் எல்லோரும் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் என்றாகிவிடும். நீங்கள் கம்பெனி வேனில் வந்து இறங்கியதிலிருந்து சாப்பாடு முடியும் வரை டி.வி. சத்தம் இல்லாமல் இருக்கட்டும் என்று கேளுங்கள், அது போதும். அதையும் மாமியாரிடம் நீங்களே நேரில் கேளுங்கள். கணவர் வாயால் சொல்லச் சொல்லாதீர்கள்.

கணவரிடம் பேசுவதுதான் முக்கியம். கூடத்தில் பேசாதீர்கள். அங்கே பேசினால் மறுபடி பார்வையாளர்கள் வந்துவிடுவார்கள். வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது பேசுங்கள். எங்கள் அனுபவத்தில், முகத்துக்கு முகம் பார்த்துப் பேச முடியாத ஆண்கள், ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்கிவருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா வீட்டுக்கோ கடைக்கோ அந்த டாடா ஏஸிலேயே போங்கள், பிள்ளைகள் இல்லாமல்.

அப்போது “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்று தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கினால் அவர் ‘எப்பவும் இல்லை’ என்று நிரூபிப்பதிலேயே பாதி வழி போய்விடும். அந்த ஒரு நாளை மட்டும் எடுங்கள். இப்படிச் சொல்லலாம்: “அன்னிக்கு கம்பெனில இருந்து அழுதுகினு வந்தேன். பாதி சொல்லச்சொல்ல நீங்க அந்த வரிய சொன்னீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. நான் மீதிய சொல்லவே இல்ல. இன்னும் உங்களுக்கு அது இன்னான்னு தெரியாது.” இவ்வளவுதான். அப்புறம் நிறுத்திவிடுங்கள். அவர் சமாளித்தாலும், சும்மா தமாஷுக்குத்தான் என்றாலும், “தமாஷுதான், தெரியும். மீதிய கேக்கறீங்களா?” என்று மட்டும் கேளுங்கள்.

நம் பக்கத்துப் பேச்சு ஒன்றை அவருக்கு நினைவுபடுத்துங்கள். உங்கள் அம்மாவோ பாட்டியோ, யாராவது வாடி வந்து நின்றால் என்ன கேட்பார்கள்? “இன்னா ஆச்சி? மூஞ்சி ஏன் இப்டிகீது?” இந்தப் பேச்சை வேலூர்த் தமிழ் என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். இதில் கேள்வி இருக்கிறது, கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகம் இருக்கிறது. உங்கள் கணவருக்கும் இந்தப் பேச்சு தெரியாமல் இருக்காது, அவர் அம்மாவிடம் கேட்டு வளர்ந்ததுதான். அவர் உங்களிடம் கேட்க வேண்டியது ‘இன்னா ஆச்சி’ என்ற அந்த இரண்டு வார்த்தை மட்டும்தான் என்று அவரிடமே சொல்லுங்கள்.

அவர் மறுபடியும் சிரித்தால்? ஒரு முறை சிரித்தால் விட்டுவிடுங்கள், பழக்கம் ஒரு நாளில் போகாது. தொடர்ந்து வேண்டுமென்றே செய்தால், உங்கள் பேச்சைப் பிறரிடம் போய்க் கேலியாகச் சொன்னால், அல்லது கை நீட்டினால், அப்போது கதை வேறு. 181 என்ற பெண்கள் உதவி எண் எந்த நேரமும் உண்டு.

இப்போது சூப்பர்வைசருக்கு வருகிறேன். அவர் சொன்னது வேலையைப் பற்றிய திட்டாக இருந்தால், பீஸ் ரிஜெக்ட் ஆனது, லைன் நின்றது என்பது போல, அதை உங்கள் கணவரோடும் கூட வேலை செய்கிறவர்களோடும் பேசி, நிர்வாகத்தில் யாரிடம் எடுத்துப்போவது என்று முடிவு செய்யலாம். ஆனால் உங்கள் உடம்பைப் பற்றியோ நடத்தையைப் பற்றியோ ஆபாசமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அது சட்டத்துக்குள் வருகிறது. வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம் இருக்க வேண்டும். அதன் தலைவர் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். புகாரை எழுதிக் கொடுக்க வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டித்துக் கொடுக்கலாம். உங்களுக்கு மூன்று வாரம் போய்விட்டது.

அதனால் இன்று ராத்திரியே ஒரு நோட்டில் அந்த நாள், நேரம், லைனில் பக்கத்தில் யார் யார் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் அப்படியே எழுதிவையுங்கள். வார்த்தை அசிங்கமாக இருந்தாலும் மாற்றாமல் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் அதை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். அவரிடம் சொல்ல வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதினாலும் போதும்.